கொலம்பஸ் படத்தின் கீழே ஓவியர் பெயரும் ஆண்டும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கொலம்பஸ் பற்றிய கட்டுரையுடன், கருந்தொப்பி அணிந்த ஒருவரின் வண்ணப்படம் 'கொலம்பஸ்' என்ற ஒற்றைச் சொல்லோடு வெளியாகியிருந்தது. கோத்தகிரியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், அதே படத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களைப் பார்த்து வரையச் சொன்னவன் என்பதால், அதன் வரலாற்றை எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

அதை வரைந்தவர் இத்தாலிய ஓவியர் செபாஸ்டியானோ டெல் பியோம்போ. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தின் மேற்பகுதியில் கொலம்பஸைக் குறிக்கும் லத்தீன் வாசகமும் 1519 என்ற ஆண்டும் காணப்படுகின்றன. கொலம்பஸோ 1506 மே மாதத்திலேயே ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் காலமாகிவிட்டார். அந்த வாசகமே பின்னர் எழுதப்பட்டிருக்கலாம், படத்தில் இருப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம் என ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். கொலம்பஸின் வாழ்நாளில் வரையப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட ஓவியம் ஒன்றுகூட இல்லை. நீண்ட முகம், வளைந்த மூக்கு, வெளிர்நிறக் கண்கள், முப்பது வயதிலேயே நரைத்துவிட்ட பொன்னிற முடி என்று அவருடைய மகன் பெர்னாண்டோ எழுதிவைத்த வருணனையே நமக்கு நெருங்கிய சான்று.

பியோம்போ வரைந்த முகத்துக்கு முற்றிலும் வேறான இன்னொரு முகமும் உண்டு. இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் பாவோலோ ஜோவியோ என்ற அறிஞர் சேர்த்துவைத்திருந்த உருவப்படங்களை, பிளாரன்ஸ் ஆட்சியாளர் கோசிமோவுக்காகக் கிறிஸ்தோபானோ என்ற ஓவியர் 16ஆம் நூற்றாண்டில் நகலெடுத்தார். அவற்றுள் ஒன்றான கொலம்பஸ் படம் பிளாரன்ஸில் உள்ள உபிட்சி ஓவியக் காட்சிக்கூடத்தைச் சேர்ந்தது. அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுக்கச்செய்து பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெபர்சன் தம் இல்லத்தில் மாட்டினார். கட்டம் போட்டு வரையும் பிள்ளைகளின் தாள்களிலேயே ஒரு முகம் முப்பது முகமாவதைக் கண்டவன் நான். 1893இல் சிகாகோ கண்காட்சியில் வைக்கப்பட்ட 71 கொலம்பஸ் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததில் எனக்கு வியப்பில்லை.

திருவள்ளுவர் திருவுருவம் ஓவியர் வேணுகோபால் சர்மா மனக்கண்ணில் கண்டு வரைந்தது என்பதை அறிந்தே நாம் அதைப் போற்றுகிறோம். அந்தத் தெளிவு கொலம்பஸ் படத்தைப் பார்க்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும். ஆகவே, இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது ஓவியர் பெயர், வரைந்த ஆண்டு, மூலமா நகலா என்ற விவரம் ஆகியவற்றை ஒரு வரியில் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.