கோவ் போய் வந்தேன், அப்பா

கார்க், அயர்லாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? இட்லிப்பொடி வந்து சேர்ந்தது. பாதி உதிர்ந்து துணியெல்லாம் எள் வாசனை, பரவாயில்லை. இங்கே தினமும் தூறல். கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், ஆளாளுக்குப் புல்லில் மல்லாந்துவிடுகிறார்கள். வேலை பழகிவிட்டது, ஆறு மணிக்கே இருட்டுவதுதான் இன்னும் பழகவில்லை.

"அங்கே கடல் இருக்கா?" என்று போனில் கேட்டீர்களே, அதற்காகவே இன்று ரயில் ஏறி கோவ் என்ற துறைமுகத்துக்குப் போனேன். இருபத்தைந்து நிமிடம்தான். இங்கே 1840-களில் வந்த பெரும் பஞ்ச காலத்திலிருந்து நூறு வருடத்தில் 25 லட்சம் பேர் அமெரிக்கா, கனடா என்று கப்பலேறிய ஊர் இது. டைட்டானிக் கடைசியாக ஆள் ஏற்றியதும் இங்கேதான், 1912 ஏப்ரல் 11-இல். கடைகளில் எல்லாம் அந்தப் பெயர்தான். ஆனால் டைட்டானிக் இந்த ஊருக்கு வந்துபோன கப்பல். இந்த ஊர் தோளில் சுமந்தது லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை.

பாட்டி உங்களை "சரியான எம்டன்" என்று திட்டுவாரே, அந்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பரில். அதே முதல் உலக யுத்தம்தான். 1915 மே 1-ஆம் தேதி லூசிட்டானியா நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பியது. பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பலில் ஏறினால் உங்கள் பொறுப்பு என்று ஜெர்மன் தூதரகம் பேப்பரில் விளம்பரமே கொடுத்திருந்தது. யார் கேட்டார்கள்? நாலு புகைபோக்கி, அட்லாண்டிக்கை அதிவேகமாகக் கடந்து பெயர் வாங்கிய கப்பல். எந்த நீர்மூழ்கி துரத்திப் பிடிக்கும் என்ற நினைப்பு. துரத்தவே இல்லை. மே 7, வெள்ளிக்கிழமை, காலையில் மூடியிருந்த பனி விலகி நல்ல வெயில். இந்தக் கரையில் உள்ள கின்சேல் முனைக்கு அப்பால், யு-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இருந்த பக்கமே கப்பல் வந்தது. மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு டார்பிடோ. உடனே உள்ளே இன்னொரு வெடிப்பு. அது எதனால் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். கப்பலில் துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தது மட்டும் உண்மை.

மூழ்கப் பதினெட்டே நிமிடம், அப்பா. டைட்டானிக்குக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. இதில் படகுக்குப் பஞ்சமில்லை, 48 இருந்தன. ஆனால் கப்பல் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. இடப்பக்கப் படகுகள் தளத்துக்குள் சரிந்து, நின்றவர்களையே நசுக்கின. வலப்பக்கத்தவை எட்டாத தூரத்தில் தொங்கின. உருப்படியாக இறங்கியவை ஆறே படகுகள். சுமார் 1,960 பேரில் ஏறக்குறைய 1,200 பேர் போய்விட்டார்கள்.

உங்களிடம் சொல்லவேண்டியது வாண்டரர் என்ற பாய்மரப் படகைப் பற்றி. ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்து மீன்பிடிக்க வந்த சின்னப் படகு. எங்கெங்கே திணித்தார்களோ, கிட்டத்தட்ட 160 பேரை அதில் ஏற்றிவிட்டார்கள். நம்ம ஃபைபர் படகில் பத்துப் பேர் ஏறினாலே நீங்கள் கத்துவீர்கள்.

பிழைத்தவர்களும் பிணங்களும் பெரும்பாலும் கோவுக்குத்தான் வந்தார்கள். சதுக்கத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. மேலே தேவதை, கீழே இரண்டு மீனவர்கள். தேவதையைவிட அந்த இரண்டு பேர் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் ஊருக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். மே 10, திங்கட்கிழமை, சவப்பெட்டிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து, மூன்று பெரிய குழிகளில் அடுக்கிப் புதைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாதவர்களும் அதில் உண்டு. இப்போது புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

2004 டிசம்பரில் நீங்கள் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. வந்ததும் கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். அம்மா சோறு போட்டும் சாப்பிடவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. அப்புறமும் கேட்டதில்லை. பொங்கலுக்கு வரும்போது கேட்கலாமா? சொல்ல மனமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலைக்கான பணம் செவ்வாய்க்கிழமை வந்துவிடும்.

உங்கள் அன்பு மகன்