வேலிக் கதியால்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளின் கலியாணத்துக்குத் தம்பியைக் கூப்பிடுவதா விடுவதா என்று கேட்டிருந்தாய். முதலில் என் கதையைக் கேள்.

அண்ணனும் நானும் 11 வருசம் கதைக்காமல் இருந்தது உனக்குத் தெரியும். வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் நாலு விரல், நாலு விரலாகக் கதியாலைத் தள்ளி நட்டு, என் காணியில் ஒன்றரை முழம் எடுத்துவிட்டார். பூசையில், கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும்போது, "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்று பின்வாங்கிலிருந்து அவர் குரல் கேட்கும். அந்த வரி மட்டும் எனக்கு வாயில் வராது.

இந்தத் தவக்காலத்தின் மூன்றாம் வாரச் செவ்வாய்ப் பூசையில், இரக்கமில்லாத ஊழியனின் உவமையை வாசித்தார்கள். அவன் பட்ட பத்தாயிரம் தாலந்துக் கடனை அரசன் விட்டுக்கொடுத்தான். அவனோ தன்னிடம் கடன்பட்ட உடன் ஊழியனை விடாமல் சிறையில் போடுவித்தான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. தாலந்து ஒன்றுக்கு ஏறத்தாழ 6000 தெனாரியம். கணக்குப் பார், ஆறு கோடி நாள் கூலி! ஆனால் என்னைப் பிடித்து உலுப்பியது அந்த உடன் ஊழியன் பட்ட 100 தெனாரியம். சின்ன வயதில் அதைச் சில்லறைக் காசு என்றே நினைத்திருந்தேன். மச்சான், அது நூறு நாள் உழைப்பு. ஆண்டவர் அந்தக் கடனை இல்லையென்று சொல்லவே இல்லை. "இரக்கமே தீர்ப்பை வெல்லும்" என்கிறது யாக்கோபு திருமுகம். வெல்ல வேண்டுமென்றால் எதிரே ஒரு நியாயமான தீர்ப்பு நிற்கத்தானே வேண்டும்? அண்ணன் எடுத்தது என் காணிதான். அதை எனக்கு நானே சொன்ன பிறகுதான் விட்டுக்கொடுக்க மனம் வந்தது.

இதையே 1995 ஜூலை 9 குண்டுவீச்சில் யாழ்ப்பாணத்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. மன்னிப்பதா இல்லையா என்பது அவளுடைய வாயிலிருந்துதான் வர வேண்டும். நான் வேலியைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் தனியே வேலி அடைத்துக்கொண்டு நின்றார். கிடுகுக் கட்டொன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். பேச வைத்திருந்ததெல்லாம் தொண்டையோடு நின்றுவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, கயிற்றின் மற்ற நுனியை நீட்டி, "இறுக்கிப் பிடி" என்றார். கை நடுங்கியது, அவருக்கும்தான். மன்னிப்பு அவர் கேட்கவில்லை. வேலி அவர் நட்ட இடத்தில்தான் நிற்கிறது.

தம்பியைக் கூப்பிடு. அவன் செய்தது சரி என்று நீ சொல்லத் தேவையில்லை. கார்ட் அனுப்பாதே, நீயே நேரில் போ.

அப்புறம், அண்ணி புழுக்கொடியல் ஒரு பை தந்தார். அதில் பாதி உனக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி