அன்று படிக்கட்டில் நான் மறைத்தது

பொறையாறு
தை 22

அன்பு மாப்ளே,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. அறுவடை மிஷின் கிடைப்பதற்கு ஆறு நாள் ஆனது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, பனியில் நான்கு ராத்திரி காவல் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமே, பகலெல்லாம் கிளறிக் கிளறிக் காயவைத்து ஒருவழியாக நேற்றுத்தான் எடை போட்டார்கள். இந்தச் சம்பா மோசமில்லை. பேரனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

ஆனால் பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் நெல் இல்லை. நீ கேட்டிருந்த கேள்விதான். "அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி, மாடிப்படியில் நீ கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாய். நான் வந்ததும் செல்போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி காட்டிக்கொண்டாய். அம்மாவுக்காகத்தானே வேண்டிக்கொண்டிருந்தாய்? அதை ஏன் என்னிடம் மறைத்தாய்?" இந்த நாலு வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியாது. நெல் குவியலுக்குப் பக்கத்தில் டார்ச் வெளிச்சத்தில்கூடப் படித்தேன்.

ஆமாம், ஜெபம்தான் பண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் மறைத்தேன் என்றால், கூச்சம். வேறு பெயர் அதற்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது பைபிளை மஞ்சப்பையில் போட்டு, மேலே தினத்தாளை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவன் நான். கடையில் இட்லித் தட்டு முன்னால் வந்தால், தலைகுனிந்து நன்றி சொல்லாமல் கண்ணை ஒரு நொடி சிமிட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன். மதம் மாற்ற வந்தவன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ, நீயே நினைத்துவிடுவாயோ என்ற பயம். நாற்பது வருஷம் இதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

உன் அம்மாவுக்கு அந்தக் கூச்சம் இருந்ததே இல்லை. ஏழாம் வகுப்பில் எனக்கு டைபாய்டு வந்தபோது, வைத்தீஸ்வரன்கோவில் போய்வந்து திருச்சாந்துருண்டையை என் கையில் வைத்தார்கள். "உங்க வீட்ல திட்டினாலும் பரவாயில்லடா, எஞ்சாமிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்கள். எங்கள் அம்மா திட்டவில்லை. வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, அன்று சாயந்திரம் ஜெபத்தில் உன் அம்மா பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒளிவு மறைவே இருந்ததில்லை. ஒளித்தவன் நான்தான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. அண்ணனும் நானும் பதினொரு வருஷம் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். வரப்பு அரை அடி நகர்ந்த கதை, அவர் என் வயலுக்குத் தண்ணீர் வரும் வாமடையை அடைத்தது, நான் அவர் மகள் கல்யாணத்துக்குப் போகாதது, எல்லாம் நீ அறிந்ததே. அப்புறம் ஒருநாள் சமாதானமாகிவிட்டோம். டீக்கடையில் நீ கேட்டாய், "எப்படிடா நடந்தது?" என்று. நான் என்ன சொன்னேன்? "பெரியவங்க பேசினாங்க, நமக்கும் வயசாகுதுல்ல" என்றேன். "பெரிய மனசுடா உனக்கு" என்று முதுகில் தட்டினாய். வாங்கிக்கொண்டேன்.

யாரும் பேசவில்லை மாப்ளே. நடந்தது வேறு.

கோவிலில் ஒவ்வொரு வாரமும் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு, இயேசு தம் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதில் ஒரு வரி: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." சின்ன வயதிலிருந்து மூச்சு விடாமல் ஒப்பித்த வரி. அந்த வருஷம் திடீரென்று அந்த இடம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. கடன் வாங்கி விவசாயம் பண்ணுகிறவனுக்குக் கடன் என்ற வார்த்தை எப்படிப் பதியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் திருப்பித் தரவே முடியாத கணக்கை ஆண்டவர் தள்ளுபடி செய்துவிட்டார், நான் அரை அடி வரப்புக்காகக் கூடப்பிறந்தவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூன்று மாதம் அந்த வரியில் மட்டும் சும்மா நின்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவிக்குத் தெரியும், கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, மறுநாள் கோவிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. விடியும் முன்னால் எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். "அண்ணே, வரப்பு உன் பக்கமே இருக்கட்டும். நான் பேசினதுக்கெல்லாம் மன்னிச்சுக்க" என்றேன். அவர் நிமிரவில்லை. சாணிக்கூடையைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டினார், கைகழுவினார், இறவாணத்தில் செருகியிருந்த மண்வெட்டியை உருவி எடுத்துக்கொண்டு நடந்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பின்னாலேயே போனேன். வயலுக்குப் போய், பதினொரு வருஷமாக அடைத்திருந்த வாமடையை நாலு வெட்டு வெட்டினார். மண் இறுகிப் புல் முளைத்துக் கிடந்தது. முதலில் கலங்கலாக ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. அப்புறம் கரையைத் தானே அரித்துக்கொண்டு என் வயலுக்குள் பாய்ந்தது. ரெண்டு பேரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதைச் செய்தது என் பெரிய மனசு இல்லை. அந்த மனசு எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும். இயேசு செய்தார். அவருக்குச் சேர வேண்டிய பேரை டீக்கடையில் உட்கார்ந்து நான் வாங்கிக்கொண்டேன். இயேசுவின் சீஷன் பேதுரு பயந்துபோய், சேவல் கூவும் முன்னால் "அந்த மனுஷனை அறியேன்" என்று சொன்னதற்கும் நான் அன்று சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

போன மாதம் தரங்கம்பாடிக்குப் பேரனைக் கூட்டிப் போனேன். நாம் சைக்கிளில் போய்க் கோட்டை மதிலில் உட்கார்ந்து கடலை கொறிப்போமே, அதே இடம். ராஜவீதியில் புது எருசலேம் ஆலயத்துக்குள்ளே, ஜெர்மனிக்காரரான மிஷனரி சீகன்பால்கு ஐயர் கல்லறைப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது முடிய ஒருநாள் பாக்கி. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரல் வைத்து அ, ஆ எழுதிப் படித்தவர். எட்டே வருஷத்தில் 1714இல் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களைத் தமிழில் அச்சடித்துவிட்டார், மறுவருஷம் புதிய ஏற்பாடு முழுவதும். 36 வயதில் போய்விட்டார். என் வாய் அடைத்துக்கொண்ட அந்த ஒரு வரி இருக்கிற சுவிசேஷம், இந்த ஊரில்தான் முதலில் தமிழ் அச்சில் ஏறியது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. 1708இல் அவரைப் பிடித்து நாலு மாதம் கோட்டையில் அடைத்தார்களே, அடைத்தது நம் ஊர்க்காரர்கள் இல்லை, அப்போது இந்த ஊரை ஆண்ட டேனிஷ் கவர்னரே. வெளியே வந்து மறுபடியும் அதே வேலையைத்தான் பார்த்தார்.

அவரிடம் எனக்குப் பிடித்தது சத்தம் போட்டதல்ல, கேட்டது. நம் பண்டிதர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் நம்பிக்கை என்ன, ஏன் என்று விசாரித்து, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். கேட்டுவிட்டுத் தன் நம்பிக்கையையும் சொன்னார். நானோ கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியில் ஒரு ஓட்டைகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

நீ கல்லூரியில் ஒருமுறை கேட்டாய்: "உங்க கோவில்லயும் சாதி இருக்கே, அப்புறம் என்னடா சுவிசேஷம்?" அன்று மழுப்பினேன். நேராகச் சொல்கிறேன், நீ கேட்டது சரி. தஞ்சாவூர்ச் சபையில் சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று எழுதியபோது, பலர் எதிர்த்துக்கொண்டு சபையை விட்டே வெளியே போனார்கள். இன்றைக்கும் கல்யாணப் பேச்சு வரும்போது எங்கள் ஆட்கள் எதை முதலில் விசாரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாங்கள் வெட்கப்பட வேண்டியது இதற்கு. இதற்கு வெட்கப்படாமல், வெட்கப்படத் தேவையில்லாத ஒருவருக்காக வெட்கப்பட்டோம். "கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்" என்று பவுல் எழுதியது ரோமாபுரியில் இருந்தவர்களுக்கு. அந்த ஊரில் சிலுவை என்றால் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கிற சாவு. அப்படிச் செத்த ஒருவரை ஆண்டவர் என்று சொல்வது எவ்வளவு கேவலமாகப் பட்டிருக்கும், யோசித்துப் பார். என் மஞ்சப்பைக் கூச்சம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்.

இனி அம்மா கேட்டது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து வெயிலில் வந்தேன். திண்ணையில் மோர் கொடுத்துவிட்டு அம்மா கேட்டார்கள்: "ஏன்டா, உங்க சாமிக்கு அவ்வளவு சக்தி இருந்துச்சுன்னா, ஏன் சிலுவையிலேர்ந்து இறங்கி வரல?" நான் சிரித்துக்கொண்டே, "அது பெரிய கதைம்மா" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தேன். அம்மா காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அப்புறம் அவர்கள் கேட்கவே இல்லை, நானும் சொல்லவே இல்லை. இப்போது சொல்ல அவர்கள் இல்லை. உன்னிடம் சொல்கிறேன்.

1977 நவம்பர் புயல் ஞாபகம் இருக்கிறதா? நமக்குப் பதினொரு வயது. எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடினோம். உன் அப்பா ஊரில் இல்லை. உன் பாட்டி பக்கவாதத்தில் கட்டிலோடு கிடந்தார்கள், அந்தக் காற்றில் தூக்கி வர ஆள் கிடையாது. எங்கள் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று, "வாம்மா, வெளிய வந்துடும்மா" என்று கத்தினார். அம்மா வாசலில் வந்து நின்று சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது: "நீங்க புள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க. நான் வந்துட்டா கெழவி தனியா கெடக்கும்." கதவைச் சாத்திக்கொண்டார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது ஓடு பாதிக்கு மேல் போயிருந்தது. அம்மா பாட்டியின் மேல் கவிழ்ந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தோளில் ஓடு கிழித்த காயம். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது, ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்தேன்.

அம்மாவால் வெளியே வர முடியாமலா இருந்தது? கால் இருந்தது, வழி இருந்தது, கூப்பிட ஆள் இருந்தது. வரவில்லை. இயேசு இறங்கி வராததும் அதனால்தான் மாப்ளே. அவர் இறங்கியிருந்தால் நாம் தனியாகக் கிடந்திருப்போம். நம் பாவம், நம் சாவு எல்லாவற்றோடும் தனியாக. அதற்கு மனம் வராமல் அவர் அங்கேயே இருந்தார். மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார், இன்றைக்கும் இருக்கிறார். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் சொன்னது பாதிதான். இதை நான் கதையாகச் சொல்லவில்லை. உண்மை என்று நம்புகிறேன், என் பிழைப்பு இதன் மேல்தான் நிற்கிறது, நீயும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் மேல் எதையும் திணிக்க இதை எழுதவில்லை. ஒத்துக்கொள்ள முடியாததை ஒத்துக்கொள்ள முடியாது என்றே எழுது, நாம் சண்டை போடாத விஷயம் என்ன இருக்கிறது. நோயாளி கட்டில் பக்கத்தில் நின்று, எங்கள் சாமியைக் கும்பிட்டால் சரியாகும் என்று பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பேதுருவும் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறார். ஆனால் சின்ன வயதில் வாய்க்காலில் முதல் தண்ணீர் தலையைக் கண்டதும் நாம் என்ன செய்வோம்? சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, "தண்ணி வருதுடோய்" என்று கரையோடு ஊர்வரைக்கும் ஓடுவோம். கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும் அந்தச் சத்தத்தின் அருமை. நீ எனக்கு முன்னால் ஓடுவாய். நான் கண்டதை உனக்குச் சொல்லாமல் நாற்பது வருஷம் கரையில் உட்கார்ந்திருந்தது, நண்பனுக்குச் செய்கிற காரியம் இல்லை. அதற்கு மன்னித்துக்கொள்.

அன்று ராத்திரி என்ன வேண்டினாய் என்றும் கேட்டிருந்தாய். "ஆண்டவரே, இவர் எனக்குச் சோறு போட்ட தாய். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே இவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், அவன் பக்கத்தில் இரும்." அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். அதற்குள் உன் செருப்புச் சத்தம் படியில் கேட்டது, செல்போனை எடுத்துவிட்டேன். ஆமென் சொல்லவில்லை. இன்று காலை கோவிலில் எல்லோர் நடுவிலும் எழுந்து, உன் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லி அதை முடித்தேன்.

பங்குனியில் வருவதாக எழுதியிருக்கிறாய். புது அரிசி ஒரு மூட்டை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்