அந்த வால்வைக் கீழே இறக்குங்கள், அப்பா

கிச்சனர், ஒன்டாரியோ
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கும்போது முழங்காலுக்குக் கீழே பட்ட அந்த அடியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். போனில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாதான் நாலு நாள் கழித்து, நீங்கள் கடைக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னாள். ராத்திரி பத்தரை மணிக்கு வாஷ்பேசின் அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக் உடைந்து கூடம் வரைக்கும் தண்ணீர் ஓடியதாம். நீங்கள் தூறலில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மொட்டை மாடி இரும்பு ஏணியில் ஏறினீர்களாம். தண்ணீரை நிறுத்த டேங்க் அடியில் உள்ள கேட் வால்வைச் சுற்றச் சுற்றச் சக்கரம் மட்டும் சுற்றியதாம். இறங்கும்போது இரண்டு படி வழுக்கியதாம். டேங்கில் இருந்த ஆயிரம் லிட்டரும் தீர்ந்த பிறகுதான் தண்ணீர் நின்றது என்றாள். உங்களுக்கு 71 வயது, அப்பா.

போனில் சொன்னால் "சரிம்மா, பார்த்துக்கிறேன்" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தனித் தாளில் படமும் வரைந்து வைத்திருக்கிறேன்.

இதே மாதிரி ஒரு ராத்திரி எனக்கும் வந்தது. உங்களிடம் அப்போது சொல்லவில்லை, நீங்கள் பயப்படுவீர்கள் என்று. இந்த வீட்டை வாங்கிய முதல் குளிர்காலம். தோட்டத்துக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டியபடியே விட்டுவிட்டோம், உள்ளே இருந்த தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டது. ஜனவரியில் இங்கே மைனஸ் 20 வரை போகும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பருமன் கூடுகிறது. மூடிய குழாய்க்கும் உறைந்த கட்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழி இல்லை, அழுத்தம் ஏறி ஏறிச் செம்புக் குழாயே கிழிந்துவிடும். ஆனால் கிழிந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். மார்ச் மாதம் நல்ல வெயில் அடித்த ஒரு நாள் அது உருகியது. அன்று ராத்திரி வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்டில் ஏதோ சத்தம் என்று இறங்கிப் பார்த்தால், சுவருக்குள்ளிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று இவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிளம்பருக்குப் போன் போட்டால் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அட்டைப் பெட்டியில் இருந்த அம்மாவின் பட்டுப் புடவைகளை இவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்க, நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஓடினேன்.

இந்த ஊர் ஜெர்மன்காரர்கள் குடியேறிய ஊர். 1916 வரை இதன் பெயரே பெர்லின். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்த வழியில் வந்தவர், உங்களைவிட இரண்டு வயது மூத்தவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தெருப் பக்கச் சுவருக்குப் போனார். மீட்டர் பக்கத்தில் ஒரு பிடி இருந்தது, அதைக் கால் சுற்றுத் திருப்பினார். நின்றுவிட்டது. மறுநாள் வந்த பிளம்பர் 380 டாலர் வாங்கினார், நம்ம கணக்கில் 20,000 ரூபாய்க்கு மேல். எனக்கு அதைவிட மனதில் நின்றது அந்தக் கால் சுற்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து வீடு முழுக்கக் காட்டினார். சமையலறைத் தொட்டிக்கு அடியில் சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று. வாஷ்பேசினுக்கும் அப்படியே. கழிப்பறைக்கு ஒன்று, வெளிக்குழாய்க்கு உள்பக்கம் ஒன்று, எல்லாவற்றுக்கும் தலைமையாக மீட்டர் பக்கத்தில் ஒன்று. எது உடைந்தாலும் அதை மட்டும் மூடிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டித் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: "வெளிக்குழாய்", "பாத்ரூம்", "மொத்தம்". உங்கள் பேத்திக்கு ஒன்பது வயதுதான், "மொத்தம்" எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கு இருட்டில் போய்த் திருப்பிக் காட்டச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

அப்புறம் நானே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். இங்கே பழைய குழாயைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதிதாக மாட்ட யாரையும் கேட்க வேண்டாம். புது லைன் இழுப்பதானால் நகராட்சி அனுமதி வாங்க வேண்டும். கேஸ் சம்பந்தப்பட்டதைத் தொடவே கூடாது, உரிமம் உள்ளவர்தான் வர வேண்டும். அந்த எல்லைக்குள் நான் நிறையச் செய்கிறேன். ரிஞ்சைக் கையில் எடுத்தால் உங்கள் ஞாபகம்தான் வரும். பேரணாம்பட்டிலிருந்து வரும் தோல் துண்டை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, அடிபம்புக்கு வாஷர் போடுவீர்களே, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. மரைக்குச் சணல் சுற்றி வெள்ளை பூசுவீர்கள். இப்போது அந்த இடத்தில் டெஃப்ளான் டேப். மரையின் முனையை நம் முகத்துக்கு நேராகப் பிடித்து, கடிகார முள் போகும் திசையில், இழுத்துப் பிடித்து நாலைந்து சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்து வந்துவிடும். ரப்பர் வாஷர் உள்ள கனெக்‌ஷன் டியூபுக்கு டேப் தேவையே இல்லை, அங்கே வாஷர்தான் அடைக்கிறது. அதைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரில் கொஞ்சம் போதும். உங்கள் ஆங்கிள் காக் முறிந்ததற்கு, மாட்டினவர் பலத்தைக் காட்டி முடுக்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தண்ணீரும் நம்ம ஊர்த் தண்ணீருக்குச் சொந்தக்காரத் தண்ணீர்தான். இந்த வட்டாரத்துக்குப் பெரும்பாலும் நிலத்தடி நீர். கெட்டிலில் வெள்ளையாகப் படியும், குடியாத்தத்தில் நம்ம போர் தண்ணீர் பாத்திரத்தில் படிவது போலவே. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு இயந்திரம் வைத்து, மூட்டை மூட்டையாக உப்புப் போட்டு, சுண்ணாம்பைப் பிரித்துவிட்டுத்தான் புழங்குகிறார்கள். நமக்கு அது வேண்டாம். ஆனால் பாத்ரூம் குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது என்று அம்மா சொன்னாளே, பிளம்பரைக் கூப்பிடும் முன் குழாய் வாயில் உள்ள சின்ன சல்லடையைத் திருகிக் கழற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். பாதி வீடுகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

இன்னொன்று, அம்மாவின் மூட்டு வலிக்காகப் போட்ட வெஸ்டர்ன் கழிப்பறை. அதன் ஃப்ளஷ் டேங்கில் கசிவு இருந்தால் சத்தமே வராது, ராத்திரி பகலாக மாடி டேங்க் இறங்கிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க இங்கே உணவில் சேர்க்கும் கலர் பொடி போடச் சொன்னார்கள். அம்மா கொடுத்துவிட்ட கேசரி பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து ஃப்ளஷ் டேங்கில் போட்டேன். அமுக்காமல் இருபது நிமிஷம் விட்டேன். மூடியைத் தூக்கிப் பார்த்தால், கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு ஆரஞ்சு நூல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் இருக்கும் ரப்பர் மூடி வளைந்து போயிருக்கிறது. புதுசு பத்து டாலர் கூட இல்லை. வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, இரண்டு காதையும் கழற்றி மாட்டினேன், அவ்வளவுதான். நீங்களும் போட்டுப் பாருங்கள். சித்திரையில் தண்ணீர் பற்றாமல் லாரிக்குச் சொல்லும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

சமையல் தொட்டி அடைப்பைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: இங்கே நெய்யும் தேங்காய் எண்ணெயும் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடுகின்றன. அதனால் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன். அங்கேயும் அப்படிச் செய்தால் நல்லது.

சரி, இனி நம்ம வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

1987-ல் வீடு கட்டியபோது தண்ணீரை நிறுத்த ஒரே இடம் வைத்தார்கள், டேங்க் அடியில். அது கேட் வால்வு. உள்ளே ஒரு பித்தளைத் தகடு மரையில் ஏறி இறங்கும். வருஷக் கணக்காகத் திருப்பாமல் விட்டால் உப்பும் துருவும் பிடித்து இறுகிவிடும். பலமாகத் திருகினால் உள்ளே தண்டு முறியும், இல்லை மரை தேயும். அப்புறம் சக்கரம் சுற்றும், தகடு இறங்காது. அன்றைக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். வைகாசி ஒன்றாம் தேதி, கங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று, வீடு கொள்ளாத ஆட்கள் இருக்கும்போது இது உடைந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

டேங்கிலிருந்து இறங்கும் குழாய் பின்பக்கச் சுவரில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. தரையிலிருந்து நாலடி உயரத்தில், உங்கள் மார்புக்கு நேராக, அங்கே ஒரு பால் வால்வு போடச் சொல்லுங்கள். பித்தளையில், நீளப் பிடி வைத்தது. உள்ளே துளை போட்ட ஒரு உருண்டைதான் இருக்கும். பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அம்மாவாலும் ஒரு கையால் திருப்ப முடியும். வால்வுக்குப் பக்கத்தில் யூனியன் என்கிற திருகிக் கழற்றும் இணைப்பு ஒன்றையும் சேர்த்துப் போட்டால், நாளைக்கு வால்வு கெட்டாலும் குழாயை அறுக்காமல் கழற்றலாம். பிளம்பர் தம்பி "எதுக்கு சார் ரெண்டு வால்வு" என்பார். கேட்காதீர்கள்.

மேலே உள்ள பழையதையும் மாற்றிவிடுங்கள். டேங்க் காலியாக இருக்கும் நாள் பார்த்து, கீழே போடும் அன்றே செய்துவிடலாம். அதற்கு அவர் ஏறட்டும், நீங்கள் ஏறக் கூடாது.

பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று மூன்று விஷயம் கவனியுங்கள். ஹேக்சா பிளேடில் நேராக அறுத்து, பிசிறை எடுக்க வேண்டும். ஈரம் சொட்டும் குழாயில் ஒட்டுகிற பேஸ்ட் தடவக் கூடாது, துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிஷமாவது விடாமல் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வெளியே தள்ளிக்கொண்டு வரும். ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள், முதல் நாளே இரண்டு குடம், நாலு பக்கெட் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜி.ஐ. இரும்புக் குழாயாக இருந்தால் கதை வேறு. துருப்பிடித்ததை ஒரு இடத்தில் அசைத்தால் இன்னொரு இடத்தில் கசியும். அப்படியானால் அந்த இறங்கும் குழாயையே மொத்தமாக மாற்றிவிடலாம், பணம் நான் அனுப்புகிறேன். மாடியில் வெயில் படும் பிளாஸ்டிக் குழாய்க்கு வெள்ளைப் பெயிண்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள். இங்கே குளிர் செய்வதை அங்கே வெயில் செய்கிறது, சில வருஷத்தில் சுட்ட அப்பளம் போல நொறுங்கும்.

போட்டதோடு விடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லா வால்வையும் ஒரு முறை மூடித் திறக்க வேண்டும், அப்போதுதான் இறுகாது. நான் தீபாவளிக்கு ஒரு தடவை, தமிழ் வருஷப் பிறப்புக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறேன். இன்று காலைகூட வெளிக்குழாயின் உள் வால்வை மூடி, வெளியே திறந்துவிட்டு, குழாயில் மிச்சம் இருந்த தண்ணீரை வடித்துவிட்டேன். இந்த வருஷக் குளிருக்கு அது தயார்.

கீசர் பற்றி ஒரு வார்த்தை. அதன் பக்கத்தில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது என்று யாராவது அதை அடைத்துவிட்டுப் போனால் விடாதீர்கள். உள்ளே அழுத்தம் கூடினால் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கிறது. அடைத்தால் கீசரே வெடிக்கும் ஆபத்து உண்டு. ஓயாமல் சொட்டினால் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரே ஒரு வேலை. பின்பக்கக் குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்து, 25 எம்.எம்.மா 32 எம்.எம்.மா என்று வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். எழுத்து அழிந்திருந்தால் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தைச் சொன்னால் போதும், நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்கு முன்னால் வேலை முடிய வேண்டும். முடிந்ததும் அம்மா அந்தப் பிடியைத் திருப்புவதை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

காலில் வீக்கம் இன்னும் இருந்தால் தள்ளிப் போடாமல் வேலூர் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: கேசரி பவுடர் தீர்ந்துவிட்டது. அடுத்த பார்சலில் இரண்டு டப்பா வைக்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒன்று கேட்கிறார்.