ஆண்டைச் சொல்கிறீர்கள், வழியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். சிவகளை எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. அங்கே முதுமக்கள் தாழிகள் வெளிவந்த நாளிலிருந்து, அவற்றைப் பற்றி இணையத்தில் தமிழில் வரும் கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்துவருகிறேன். அந்தக் கட்டுரைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2021 செப்டம்பரில், சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை குறித்த அறிக்கை வெளியானபோது, அதே ஊருக்குக் கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்புகள் சொல்லப்பட்டன. இரண்டு முறையும் என் கைப்பேசிக்கு இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் அந்த ஆண்டு பெரிய எழுத்தில் இருந்தது. சோதித்த பொருள் எது, எப்படிச் சோதித்தார்கள் என்பது மூன்று கட்டுரைகளில்தான் இருந்தது. அந்த மூன்றில் ஒன்று ‘முடுக்கிப் பொருண்மை நிறமாலைமானி வழி கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டது. வேதியியல் படித்த நானே அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அறுபது ஆண்டுகளாகக் குளத்துப் பாசனத்தில் நெல் பயிரிடும் குடும்பம். பேரனின் கைப்பேசியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். பானையில் தேதி எழுதியிருக்கிறதா டீச்சர், இல்லையென்றால் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டார்.

நான் குளத்தை வைத்தே சொன்னேன். வாய்க்காலில் வரத்து இருக்கும்வரை, ஒரு பக்கம் கசிந்தாலும் குளத்தின் மட்டம் நிற்கும். வாய்க்காலை அடைத்துவிட்டால் கசிவு மட்டும்தான். மீந்திருக்கும் தண்ணீரை அளந்து, வாய்க்கால் எப்போது அடைபட்டது என்று கணக்கிடலாம். உயிருள்ள நெற்பயிரும் அப்படித்தான். விண்வெளிக் கதிர்களால் காற்றுமண்டலத்தின் மேலே உண்டாகும் கரிமம்-14, அதாவது தானாகவே மெல்லச் சிதையும் ஒரு கரிம வகை, காற்று வழியாகப் பயிருக்குள் வந்துகொண்டே இருக்கும். அறுத்த அன்றோடு வரத்து நின்றுவிடும். உள்ளே இருப்பது சிதைந்துகொண்டே போகும்: 5,730 ஆண்டுகளில் பாதி, இன்னொரு 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியில் பாதி. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் போனால் அளக்க ஏதும் மிஞ்சாது.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பிசான நெல் பருவத்துக்கு நிறைகிற குளம் கார் நெல் பருவத்துக்கு நிறைகிறதா, வரத்து எல்லா வருஷமும் ஒன்றுபோலவா இருக்கிறது என்றார்.

ஐயா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த முறையைக் கண்டறிந்த வில்லார்ட் லிபி, 1940களின் பிற்பகுதியில் சிகாகோவில் வேலையைத் தொடங்கியபோது, காற்றில் கரிமம்-14 அளவு காலங்காலமாக ஒன்றாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த அளவு கூடிக் குறைந்திருக்கிறது என்பதைப் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிச் சோதித்துப் பின்னர் உறுதிசெய்தார்கள். அதனால்தான் இன்று ஆய்வகம் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த வளையக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். திருத்திய பிறகும் கிடைப்பது ஓர் ஆண்டு அல்ல. இந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டுக்குள் என்ற ஒரு வரம்பு. விஞ்ஞானிகள் வந்து சேர்ந்த அந்தக் கேள்விக்கு ஆச்சி எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

அடுத்த கேள்வியும் கேட்டார். பழைய வீட்டு உத்தரத்தை உடைத்து அடுப்பில் வைத்தால், அந்தக் கரி நெருப்பு மூட்டிய நாளைக் காட்டுமா, மரம் வளர்ந்த நாளைக் காட்டுமா? மரம் வளர்ந்த நாளைத்தான். தொல்லியலாளர்கள் கரித்துண்டை விட நெல்மணியை அதிகம் நம்புவதற்கு இதுவே காரணம். நெல் ஒரே பருவத்தில் விளைந்து முடிகிறது. இந்தக் காரணத்தை நான் படித்த கட்டுரைகள் எதிலும் காணவில்லை.

பொது வாசகருக்கு இவ்வளவு போதும் என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிடுகிறார்கள். வழிமுறையைச் சொன்னால் படிக்க மாட்டார்கள் என்று அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டுவதால் வரும் கேடு சிறியதல்ல. ஓர் இணையக் கட்டுரையில் ‘இன்றைக்கு முன் 2900’ என்ற ஆய்வகக் குறிப்பைக் ‘கி.மு. 2900’ என்று எழுதியிருந்தார்கள். ஆய்வகக் கணக்கில் ‘இன்று’ என்பது 1950ஆம் ஆண்டு. அதிலிருந்து 2,900 ஆண்டுகள் பின்னே போனால் ஏறக்குறைய கி.மு. 950தான் வரும். ஒரே வரியில் 1,950 ஆண்டுகள் கூடிவிட்டன. அந்தக் கட்டுரை எங்கள் உறவினர் குழுவில் மட்டும் நான்கு முறை சுற்றி வந்தது. நம் ஊரின் தொன்மையில் எனக்கு எவருக்கும் குறையாத பெருமிதம் உண்டு. அதனால்தான் இந்தப் பிழையைப் பொறுக்க முடியவில்லை. நாளை ஒருவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, தமிழர்கள் சொல்வதெல்லாம் மிகை என்பார்.

2025 அறிக்கையின் மாதிரிகளை ஃப்ளோரிடா, லக்னோ, அகமதாபாத் என்று வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். கரியை மட்டுமல்ல, உடைந்த பானைச் சில்லுகளையும் வேறொரு முறையில் சோதித்தார்கள். அந்த முயற்சியைச் சொன்னாலே வாசகருக்கு நம்பிக்கை வருமே! எண்ணைச் சுற்றி வியப்புக்குறி போடுவதால் அது வராது.

கல்லூரி விரிவுரையாளராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம், நீ எழுதக் கூடாதா என்று கேட்டேன். ஆய்விதழில் வந்தால்தான் பதவி உயர்வுக்குக் கணக்கு, இதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை மிஸ் என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிவகளைக்குப் பக்கத்துப் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ.நா. அப்புசுவாமி, தொழிலால் வழக்கறிஞர். அணுவையும் மின்சாரத்தையும் பற்றி வாழ்நாள் முழுவதும் தமிழில் எழுதினார். எந்த மதிப்பெண்ணுக்காக எழுதினார்?

உங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தில் இனி அகழாய்வுச் செய்தி வரும்போது, சோதித்த பொருள் எது, எந்த ஆய்வகம், ஆண்டு வரம்பு என்ன என்ற மூன்றையும் செய்திக்குள்ளேயே எழுத வேண்டுகிறேன். மூல அறிக்கையின் இணைப்பையும் கீழே கொடுங்கள். கலைச்சொல் வரும் இடத்தில் அதைத் தொடர்ந்து ஒரு வரியில் பொருளும் வரட்டும்.

கேட்பதோடு நிற்காமல், கரிமக் காலக்கணிப்பைப் பற்றி நானே இரண்டு பக்கம் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆச்சி படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டையும் திருத்தி எழுதிவிட்டேன். பயன்படுமானால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.