ஐத்திகுவைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும், ஸ்தோத்திரம்.

ஆறு வருஷம் ஒரு சபையின் கமிட்டியில் செயலாளராக இருந்தவன் எழுதுகிறேன். சபையின் பெயரைச் சொன்னால் பேச்சு ஆள்களைப் பற்றிப் போய்விடும். அது வேண்டாம்.

புது வருஷம் பிறந்தால் எங்கள் காதில் விழாமல் போகாத வசனம் எபேசியர் 5:16. ‘நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்.’ அதைத் தொடர்ந்து செல்போனைக் குறையுங்கள், அதிகாலையில் எழும்புங்கள் என்று புத்திமதிகள் வரும். எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் நேரத்தில் ஒரு பெரிய பங்கு உங்கள் கையில் அல்லவா இருக்கிறது? அதற்குக் கணக்கு கேட்பது யார்?

ஒரு ஞாயிறு காலை நடந்ததைச் சொல்கிறேன். ஆராதனை ஏழரைக்கு. நைட் டியூட்டி முடித்த ஒரு நர்ஸ் அக்கா ஏழு இருபதுக்கே கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழ முடியாது என்று டிபன் பையோடு நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவார். அன்றைக்கு ஸ்பீக்கரில் ஏதோ இரைச்சல். ஒயரைப் பிடுங்கினார்கள், செருகினார்கள், “ஹலோ, ஹலோ” என்றார்கள். அது அடங்கியதும் “இன்னும் கொஞ்சம் பேர் வரட்டுமே” என்றார் ஒரு மூப்பர். முதல் பாட்டு தொடங்கும்போது மணி எட்டு ஐந்து. பிரசங்கம் பாதி தாண்டியதும் அக்காவின் தலை சுவரில் சாய்ந்தது. மேடையிலிருந்து குரல் வந்தது: “பின்னால் ஒரு ஐத்திகு இருக்கிறார் போலிருக்கே!” சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா திடுக்கிட்டு விழித்து, மடியிலிருந்து சரிந்த வேதாகமத்தைப் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஐத் திறந்து பார்த்தேன். பவுல் பிரசங்கிக்கும்போது ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, கீழே விழுந்த வாலிபன்தான் ஐத்திகு. ஐத்திகு ஏன் விழுந்தான்? பவுல் நெடுநேரம் பிரசங்கம்பண்ணிக்கொண்டிருக்கையில் என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அழகாக எழுதி வைத்திருக்கிறார். பையனைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. பவுலுக்காவது ஒரு காரணம் இருந்தது, மறுநாள் அவர் துரோவாவை விட்டுப் புறப்பட வேண்டும். நமக்கு அடுத்த ஞாயிறும் இருக்கிறதே ஐயா! அப்புறம், மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவனைப் பார்த்துப் பவுல் ஜோக் அடிக்கவில்லை. இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார்.

அந்தத் தாமதத்தில் யார் நஷ்டப்பட்டது என்பதையும் யோசியுங்கள். எட்டு மணிக்கு வந்தவருக்கு ஒன்றும் போகவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தவருக்குத்தான் தண்டனை.

கமிட்டிக் கதை இன்னும் மோசம். மினிட்ஸ் எழுதியவன் என்பதால் எனக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைக்கு மெரூனா நீலமா என்று 11 பேர் 2 மணி நேரம் பேசினோம். ஆக மொத்தம் 22 மணி நேரம். தீர்மானம் என்ற இடத்தில் நான் எழுதியது: ‘அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.’ முடித்து ஜெபித்துவிட்டு வாசலில் நின்று மறுபடி அரை மணி நேரம் அதையே பேசினோம். நான் வீட்டுக்குப் போனபோது மகன் கணக்கு நோட்டின் மேலேயே தூங்கிப் போயிருந்தான்.

எபேசியர் வசனத்துக்கே திரும்புகிறேன். ‘பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘எக்ஸகொராசோ’. அதற்குள் ‘அகோரா’, அதாவது சந்தை, இருக்கிறது. விலை கொடுத்து மீட்பது என்று பொருள். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13-இல் வருவதும் இதே சொல்தான். ‘காலம்’ என்பதற்கு அவர் போட்டிருப்பதும் கடிகாரம் காட்டும் நேரத்தை அல்ல, ஏற்ற சமயத்தைச் சொல்லும் ‘கைரோஸ்’. நாளில் கிடைக்கிற ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கூட்டத்தைத் திணிப்பது இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவது ஆகாது என்றே எனக்குப் படுகிறது. ஒன்றை மீட்க வேண்டுமென்றால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நாம் எந்தக் கூட்டத்தையாவது விட்டிருக்கிறோமா? ஆரம்பித்த உபவாசக் கூட்டம், வாலிபர் கூட்டம், ஆயத்தக் கூட்டம் எதுவும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மோசேக்கு இதைச் சொல்ல மாமனார் வர வேண்டியிருந்தது. நியாயம் கேட்டுக் காலை தொடங்கி சாயங்காலம்வரை ஜனங்கள் மோசேக்கு முன் நிற்பதைப் பார்த்த அந்த மாமனார் எத்திரோ, ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்றார். நீரும் தொய்ந்துபோவீர், இந்த ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். இந்த இரண்டாவது பாதியை நாம் பிரசங்கத்தில் கேட்பதில்லை. ஊழியக்காரரின் களைப்பைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடுகிறோம்.

கடிகாரத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக் கிடக்க, அவளைப் பார்க்கப் போகும்போதும் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்காக இயேசு வழியில் நின்றார். அப்படி நிற்பதற்கு நேரம் கையில் இருக்க வேண்டும் அல்லவா? அதே இயேசுதான் மாற்கு முதல் அதிகாரத்தில், ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்று சீஷர்கள் ஓடிவந்தபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று கிளம்பினார். எல்லாரும் தேடினார்கள் என்பதற்காக அவர் திரும்பிப் போகவில்லை. எங்களில் ஒருவர் “இந்த வாரம் முடியாது ஐயா” என்றால் மட்டும் உடனே பின்மாற்றம், விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்று பேச்சு வருகிறது.

கேட்பது கொஞ்சம்தான். நாலு பேர் இருந்தாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். ஆரம்ப நேரத்தோடு முடியும் நேரத்தையும் அறிவியுங்கள். ஒருவர் தலையில் மூன்று பொறுப்பைக் கட்டாதீர்கள். தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று கேட்கும் 1 தீமோத்தேயு 3-ஐ ஆள் தெரிந்தெடுக்கும்போது வாசிக்கிறோம். அந்த ஆளுக்கு வீட்டில் இருக்க ஒரு மாலையாவது விடுங்கள்.

எங்கள் கமிட்டியில் இந்த மாதமும் திரை விஷயம் இருக்கிறது. நான் வரவில்லை. அன்றைக்கு மகனுக்கு வகுத்தல் கணக்கு சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். மினிட்ஸ் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, சாவியைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்