எண்ணூர்க் காற்றை மீனம்பாக்கத்தில் தேடாதே

அன்புள்ள கயல்,

உன் காற்று மாசு அறிக்கையைப் பற்றி, "மாடல்ல நம்பர் வரம்புக்குள்ள வந்துடுச்சும்மா, அப்புறம் என்ன?" என்று நேற்று போனில் கேட்டாய். வந்தது சரி. எந்தக் காற்றைக் கொடுத்து வரவழைத்தாய்?

உன் அனல்மின் திட்டம் எண்ணூர்க் கரையோரம். நீ போட்டிருக்கும் வானிலைத் தரவு மீனம்பாக்கத்தது, கடலை விட்டு உள்ளே தள்ளி எடுத்தது. அதுவும் ஒரே பருவத்துக்கு. மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம் போதும் என்று விதி இருக்கிறது, தெரியும். ஆனால் நீ எடுத்தது பனிக்காலம். சித்திரை, வைகாசிக் கடற்காற்று உன் அறிக்கைக்குள் வரவே வராது.

அந்தக் காற்றுதான் வில்லங்கம். பிற்பகலில் அது குளிர்ச்சியாக உள்ளே நுழையும். கரையிலிருக்கும் புகைபோக்கியின் புகை அதோடு சேர்ந்து, அதிகம் சிதறாமல் நீளமாக ஊருக்குள் போகும். கீழே தரை கொதிக்கிறது. அந்தச் சூட்டில் கிளம்பும் கொந்தளிப்பான அடுக்கு, கரையை விட்டுத் தள்ளத் தள்ளத் தடித்துக்கொண்டே வரும். அது புகையைத் தொடும் இடத்தில், மேலே போய்க்கொண்டிருந்ததெல்லாம் தரைக்கு இறங்கிவிடும். ஃபியூமிகேஷன் என்று படித்திருப்பாயே, அதுதான். புகை பரவுவதைக் கணக்கிடும் எளிய காசியன் மாடலுக்கு இது தெரியாது. அதன் கணக்கில் கரையும் உள்ளே தள்ளியிருக்கும் ஊரும் ஒன்று.

புகைபோக்கி 275 மீட்டர் என்று நிம்மதியாகச் சொன்னாய். புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவி இல்லாத, 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் அலகுக்கு அதுதான் விதி. உயரத்தை இரட்டித்தால் தரையில் உச்ச அளவு ஏறக்குறையக் கால்வாசியாகும். வெளியேறும் கந்தக டை ஆக்ஸைடு மட்டும் ஒரு கிராம்கூடக் குறையாது. நீ குறித்த இடத்தில் விழாதது இன்னொரு இடத்தில் விழும்.

மென்பொருளைத் திறக்குமுன் மொட்டைமாடிக்குப் போ. பிரிட்டிஷ் வானிலைத் துறையில் இருந்த பாஸ்கில் 1961-இல் காற்றின் வேகம், வெயில், இரவு மேகம் இவற்றை வைத்தே, காற்று புகையை எவ்வளவு கலைக்கும் என்பதை, நன்றாகக் கலைக்கும் ஏ முதல் கலைக்கவே கலைக்காத எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்தார். கம்ப்யூட்டர் வேண்டாம், கண் போதும். போகி விடியற்காலை பெரும்பாலும் எஃப்தான்: மேகமில்லை, காற்றில்லை, எரிகிற டயர்ப் புகை எழும்ப வழியில்லை. 2018 போகியன்று சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டதை நீயும் செய்தியில் பார்த்தாய்.

நம்பர் வரம்புக்குள் வர வேண்டும் என்று, என்னிடமும் ஒருமுறை வேலை கொடுத்தவர்கள், "மேடம், வேற வருஷத்து டேட்டா போட்டுப் பாருங்களேன்" என்றார்கள். போடவில்லை. அடுத்த வேலை வேறொருவருக்குப் போனது. வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் வேறு இருந்தது.

உன் இன்புட் ஃபைலையும், காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வீசியது என்று காட்டும் விண்ட் ரோஸ் படத்தையும் அனுப்பு. கரையோரத் தரவு கிடைக்காவிட்டால் டபிள்யூ.ஆர்.எஃப் என்ற வானிலை மாடலை ஓட்டி, அதன் காற்றை, இடத்துக்கு இடம் மாறும் காற்றையும் கணக்கில் எடுக்கும் கால்பஃப் மாடலுக்குக் கொடுக்கலாம். உன் மேலதிகாரி நேரமில்லை என்பார். அவரிடம் எப்படிப் பேசுவது என்று ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம். எலுமிச்சை ஊறுகாயை அப்பா கூரியரில் போட்டுவிட்டார், இந்தத் தடவை பாட்டில் கசியாது என்கிறார்.

அம்மா